கேபிளதிகாரம்: கணினி அறியாக் கேமரா குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

நூல் எதுவாயினும் பாயிரம் இல்லாமல் தொடங்கக் கூடாது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் பாயிரம் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் விதி. காலம், களம், காரணம் என இன்னும் மூன்றைச் சேர்ப்பாரும் உண்டு. பதினொன்றையும் விரித்தால் வாசகர் பாயிரத்தோடு எழுந்து போய்விடுவார் என்பதால் இன்றியமையாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

நுதலிய பொருள்: டிஜிட்டல் கேமராவைக் கணினியில் செருகிய பின்னும் கணினி அதை ஏறெடுத்துப் பாராதிருத்தல். எல்லை: மேற்கே டிவி ஸ்டாண்டு, கிழக்கே பூஜை அலமாரி, இடையில் கம்ப்யூட்டர் மேசை. யாப்பு: உரைநடை, பொறுமை தீரும் இடங்களில் வசை. கேட்போர்: உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் "நீ கம்ப்யூட்டர் வேலை பாக்கறவன்தானே, இதக் கொஞ்சம் பாரேன்" என்று கேட்கப்பட்டவர் அனைவரும். பயன்: நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டியது நூறு ரூபாய்க்குள் முடிதல்.

இந்நூலின் கொள்கை ஒன்றே. அதை நூற்பாவாகவே சொல்லிவிடலாம்.

ஐயம் விலைவழிச் செல்லும், பிழையோ
மலிவதன் கண்ணே மறைந்துறை யும்மே.

இதன் பொருள்: கோளாறு என்றதும் மனிதனின் சந்தேகம் விலை உயர்ந்த பொருள்மீது முதலில் பாயும், கோளாறோ விலை குறைந்த பொருளுக்குள் ஒளிந்திருக்கும் என்றவாறு. ஏகாரம் ஈற்றசை. இனி வருவதெல்லாம் இதற்கு உரை.

செருகியல்

களம், சென்னைப் புறநகரில் அண்ணன் வீடு. காரணம், அண்ணன் 2012 வாக்கில் வாங்கிய கையடக்கக் கேமரா. செல்போன் கேமரா தேறி வந்ததும் அது பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் பள்ளிகொண்டுவிட்டது. அப்படிப் பள்ளிகொண்டவை எத்தனை என்று ஊகிக்க ஒரு கணக்கு உதவும். ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர்களின் சங்கமான சிபா வெளியிடும் புள்ளிவிவரப்படி 2010இல் மட்டும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குக் கிளம்பின. 2023இல் கிளம்பியவை 80 லட்சத்துக்கும் குறைவு. அந்தப் பழைய கோடிகள் எங்கே போயின என்று எந்தப் பொருளாதார அறிஞரும் கேட்கவில்லை. பீரோவுக்குள் போயின.

பிறகு காற்று திரும்பியது. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செல்போன் படத்தின் துல்லியம் அலுத்துவிட்டது. ஃபிளாஷ் பட்டு முகம் வெளுத்து, பின்னணி இருண்டு, கண்ணில் சிவப்புப் பொட்டு விழுந்த பழைய கேமராப் படந்தான் இப்போது அழகாம். அண்ணனின் சின்ன மகள் பீரோவைக் குடைந்து கேமராவை எடுத்தாள். அக்காள் பிள்ளைக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை வாய் கொள்ளாமல் அலறும் அந்த ஒரு கணம் வேறு எவர் செல்போனிலும் சிக்கவில்லை. எல்லாரும் அப்போது கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் கேமராவில் மட்டும் சிக்கியது.

வீடு திரும்பியதும் கேமராவின் விலாவில் இருந்த ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினாள். உள்ளே மைக்ரோ யு.எஸ்.பி. துளை. பவர் பேங்கோடு வந்த சாண் நீளக் கேபிள் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. மறுமுனை லேப்டாப்பில் போகவில்லை. திருப்பினாள், போகவில்லை. மறுபடி திருப்பினாள், முதலில் வைத்த அதே பக்கம், போய்விட்டது. கேமராவின் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. லேப்டாப் வாயே திறக்கவில்லை.

மூன்று முறை செருகிப் பார்ப்பது குறித்து ஒரு கிளைக்குறிப்பு. யு.எஸ்.பி.யை உருவாக்கிய இன்டெல் குழுவை நடத்திய அஜய் பட் பரோடாவில் படித்தவர். இருபக்கமும் செருகும்படி அமைத்தால் கம்பியும் சுற்றும் இரட்டித்துச் செலவு ஏறும், அதனால் ஒருபக்கத்தோடு விட்டோம் என்று பின்னாளில் அவரே விளக்கியிருக்கிறார். 1996இல் வந்த அந்தச் சிக்கனத்துக்கு உலகம் இன்றும் மணிக்கட்டால் வட்டி கட்டுகிறது. இருபக்கமும் ஏற்கும் டைப்-சி 2014இல்தான் வந்தது. 2024 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய டிஜிட்டல் கேமராவும் அந்தத் துளையோடுதான் வர வேண்டும் என்பது சட்டம். பீரோவில் இருப்பதற்குச் சட்டம் பொருந்தாது.

டிங்கியல்

லேப்டாப் வாய் திறக்கவில்லை என்பதே இவ்வாய்வின் தலையாய சான்று. ஆனால் அறையில் இருந்த எவரும் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் கணினியில் எதைச் செருகினாலும் ஏறும் ஒலி ஒன்று கேட்கும். பிடுங்கினால் இறங்கும் ஒலி. இதனை இந்நூல் டிங் எனக் குறியிடும். டிங் மூவகைப்படும்: கேளா டிங், கேட்டு முறையிடும் டிங், கேட்டும் பயனில்லா டிங். நோய்முதல் நாடுவோர் முதலில் நாட வேண்டியது இதுதான். எந்த டிங் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது; தெரியாவிட்டால் இரவுச் சாப்பாடும் அங்கேதான்.

ஒலி பிறக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். எழுத்து பிறக்கும் இடத்தைச் சொல்ல இலக்கணிகள் ஓர் இயலே ஒதுக்கியிருக்கும்போது நமக்கு நாலு பத்தி அதிகமில்லை.

சாதாரண யு.எஸ்.பி. கேபிளின் தோலை உரித்தால் உள்ளே நான்கு கம்பி: சிவப்பு, கருப்பு, வெள்ளை, பச்சை. சிவப்பில் 5 வோல்ட் வரும். கருப்பு வழியே திரும்பிப் போகும். வெள்ளையும் பச்சையும் பேசுவதற்கு. எதுவும் செருகாதபோது கணினி இந்தப் பேச்சுக் கம்பி இரண்டையும் 15 கிலோ ஓம் மின்தடையால் தாழ்த்தி வைத்திருக்கும். கேமரா வந்து சேர்ந்ததும் பச்சைக் கம்பியை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியே மேலே தூக்கும். தாழ்ந்து கிடந்த கம்பி எழுந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினிக்குத் தெரியும். யார் என்பது இன்னும் தெரியாது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டைத் தட்டினால்தான் அவர் எழுவார். எழுந்ததும் பெயர், ஊர், எந்த ஃபிளாட், என்ன விஷயம் என்று கேட்டு நோட்டில் எழுதுவார். எழுதியபின் எண் போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே விடுவார். கணினி செய்வதும் இதுவே. வந்தவரை முதலில் ஓர் உலுக்கு உலுக்கும்; ரீசெட் என்பது அதுதான். இன்னும் அட்டை வாங்காதவர் என்பதால் பூஜ்யம் என்ற முகவரியில் கூப்பிட்டு, டிஸ்க்ரிப்டர் என்ற தன்விவரத்தைக் கேட்கும். அதில் தயாரிப்பாளர் எண் இருக்கும்: கேனானுக்கு 04ஏ9, நிக்கானுக்கு 04பி0. மாடல் எண் இருக்கும். என்ன வேலைக்கு வந்தவர் என்ற வகை எண்ணும் இருக்கும்: 06 என்றால் படக்கருவி, 08 என்றால் சேமிப்புக் கிடங்கு. எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதையும் வந்தவர் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒப்புதல் கிடைக்கும்வரை 100 மில்லிஆம்பியர்தான், கிடைத்தபின் 500 வரை. இடையில் 1 முதல் 127க்குள் ஓர் எண் அட்டையாகக் கொடுக்கப்படும். எல்லாம் ஒன்றிரண்டு நொடிக்குள்.

இப்போது அந்தச் சாண் நீளக் கேபிளுக்கு வருவோம். பவர் பேங்கோடு இலவசமாக வரும் கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்ற மட்டும் பிறந்தவை. அவற்றில் சிவப்பும் கருப்பும் உண்டு. வெள்ளையும் பச்சையும் கிடையாது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கேமராவுக்கு மின்சாரம் போகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் கேட்டை யாரும் தட்டவில்லை. தட்டாத கேட்டுக்கு எழுந்திருக்கவில்லை என்று வாட்ச்மேனைத் திட்டுவதில் நியாயம் இல்லை. கேளா டிங்கின் இலக்கணம் இது.

"லைட்டு எரியுதே சித்தப்பா, அப்ப கேபிள் நல்லாத்தானே இருக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தில் உலகத்துக் கேபிள் சிக்கல்களில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. எரியும் விளக்கு சிவப்புக்கும் கருப்புக்கும் தரப்பட்ட நற்சான்று. மற்ற இரண்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இத்தகைய வாதத்தை 'விளக்குப் போலி' எனத் தர்க்க நூலார் கூறுவர். கூறியிராவிட்டால் கூறியிருக்க வேண்டும்.

இரண்டாம் வகை, கேட்டு முறையிடும் டிங். செருகியதும் ஒலி வரும்; கூடவே திரையின் மூலையில் ஒரு பெட்டி, கடைசியாகச் செருகியது சரியாக இயங்கவில்லை, அடையாளம் தெரியவில்லை என்ற பொருளில் புலம்பும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு பெயரறியாச் சாதனம் ஒன்று நிற்கும். அதன் குணநலப் பக்கத்தில் கோட் 43 என்று இருக்கும். வீட்டார் இதைக் கண்டதும் இடிந்து போவார்கள். உண்மையில் இது நல்ல செய்தி. யாரோ வந்தது நோட்டில் ஏறியிருக்கிறது. பெயர் சொல்லும்போது குரல் உடைந்திருக்கிறது, அவ்வளவே. உள்ளே நைந்த கம்பி, துளையில் படிந்த அழுக்கு, மின்சாரம் போதாத ஹப் என்று காரணம் ஏதாவது ஒன்று. தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒன்று, தனக்குக் கிடைக்கும் 500 மில்லிஆம்பியரைப் பங்கு போட்டு ஒரு துளைக்கு 100தான் தர விதி இருக்கிறது. அந்த ஹப்பிலேயே மவுசும் கீபோர்டும் குட்டி மின்விசிறியும் குடித்தனம் நடத்தினால், கேமராவின் தன்விவரம் பாதியில் நின்றுபோவது இயற்கை. மேசைக் கணினியாக இருந்தால் முன்புறத் துளையை விட்டுப் பின்புறத் துளைக்குப் போகலாம். முன்புறத் துளை உள்ளே ஒரு நீளக் கம்பியில் தொங்குகிறது. பின்புறத்தது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது.

மூன்றாம் வகை நுட்பமானது. டிங் இனிதே கேட்கும். முறையீடு இல்லை. ஆனால் 'திஸ் பி.சி.'யைத் திறந்தால் கேமராவைக் காணோம். வந்தவர் உள்ளே போய்விட்டார். எந்த மாடியில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை. கேமராவின் மெனுவில் சார்ஜ் மட்டும் என்ற முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். பிரிண்டருக்கு நேரே படம் அனுப்பும் பிக்ட்பிரிட்ஜ் முறையில் அது காத்துக்கொண்டிருக்கலாம். சேமிப்புக் கிடங்காக வந்தும், அதற்குக் கிடைக்க வேண்டிய டிரைவ் எழுத்தில் அலுவலகத்து நெட்வொர்க் டிரைவ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். ஐரோப்பாவில் வாங்கிய கணினியில் விண்டோஸின் 'என்' பதிப்பு இருந்தால் படக்கருவியோடு பேசும் பகுதியே இராது. அதைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். ஜெர்மனியிலிருந்து லேப்டாப் கொண்டுவரும் மைத்துனர்கள் கவனிக்க.

ஐயவியல்

அண்ணன் வீட்டில் சந்தேகம் சென்ற பாதை வருமாறு. முதற்குற்றவாளி விண்டோஸ். "அப்டேட் ஆனதுலேர்ந்தே சரியில்ல" என்றார் அண்ணன். அது எந்த அப்டேட், எப்போது ஆனது, அதற்குமுன் இந்த லேப்டாப்பில் இந்தக் கேமரா செருகப்பட்டதுண்டா என்ற கேள்விகளுக்கு வரலாற்றில் விடையில்லை. இரண்டாவது, ஆன்டிவைரஸ். மூன்றாவது, லேப்டாப். "நாலு வருஷம் ஆச்சில்ல, மாத்தற நேரந்தான்" என்று அண்ணன் மகன் உற்சாகமாக வழிமொழிந்தான். அவனுடைய வழிமொழிதலில் ஆய்வு நோக்கத்தைத் தாண்டிய நோக்கம் இருந்தது. நான்காவது கேமரா. ஐந்தாவது மெமரி கார்டு. கேபிள் அந்தப் பட்டியலில் வரவேயில்லை.

இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காண்க. விலை இறங்க இறங்கச் சந்தேகம் இறங்குகிறது. விலை உயர்ந்ததற்குத் திரை இருக்கிறது, பேசுகிறது, எழுத்து காட்டுகிறது; ஆகவே பொய் சொல்லக்கூடியது. கேபிளுக்குத் திரை இல்லை, மெனு இல்லை, அப்டேட் இல்லை. முகமே இல்லாததன்மேல் எப்படிப் பழி போடுவது? ஆனால் நாள்தோறும் மடிக்கப்படுவதும், சுருட்டப்படுவதும், பையில் சாவிக்கொத்தோடு நசுங்குவதும், கழுத்தைப் பிடித்து இழுக்கப்படுவதும் அது ஒன்றுதான்.

ஐந்தாவதற்கும் அப்பால் ஒரு பொருள் தேடப்பட்டது: கேமராவோடு வந்த சி.டி. அது இல்லாமல் எதுவும் நடக்காது என்பது அண்ணியின் உறுதியான நம்பிக்கை. பீரோ, லாஃப்ட், கல்யாண ஆல்பம் வைத்த டிரங்குப் பெட்டி எல்லாம் அலசப்பட்டு, கடைசியில் தையல் மிஷின் டிராயரில் சி.டி. கிடைத்தது. அதன்பிறகுதான் லேப்டாப்பில் சி.டி. போட இடமில்லை என்பது சபையின் கவனத்துக்கு வந்தது. வருத்தப்பட ஒன்றுமில்லை. சேமிப்புக் கிடங்கு வகைக்கும், பி.டி.பி. என்ற படப் பரிமாற்ற முறைக்கும் தேவையான டிரைவர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கூடவே வருகிறது. பி.டி.பி. ஐ.எஸ்.ஓ. 15740 என்ற எண்ணில் உலகத் தரமாகவே ஏற்கப்பட்டது. மேக்கில் இமேஜ் கேப்சர், லினக்ஸில் ஜிபோட்டோ என்று அதைப் பேசத் தெரிந்தவை தயாராக இருக்கின்றன. சி.டி.யில் பெரும்பாலும் இருந்தது, படங்களுக்குப் பூப்போட்ட சட்டம் மாட்டும் மென்பொருள்.

ஆக முறையான வரிசை இதற்கு நேர்த்தலைகீழ். முதலில் கேபிளை மாற்று. பிறகு துளையை மாற்று, ஹப்பை விலக்கு. பிறகு கேமராவில் பேட்டரி இருக்கிறதா, அது ஆனில் இருக்கிறதா, படம் பார்க்கும் நிலையில் இருக்கிறதா என்று பார். பேட்டரி தீர்ந்து தானே அணைந்துபோன கேமராவைச் செருகிவிட்டு லேப்டாப்பை முறைப்பவர் நாட்டில் நிறைய. பிறகு மெனு. அதற்கும் பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் முக்கோணத்தை அன்இன்ஸ்டால் செய்து, பிடுங்கி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகு. விண்டோஸை மாற்றுவது பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உரையியல்

நூற்பா ஒன்றானாலும் உரை ஒன்றாக இராது. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டதாகச் சொல்வார்கள். இந்தக் கேபிளுக்கும் அன்று கூடத்தில் உரைகள் பெருகின.

அண்ணன் உரை, ரீஸ்டார்ட் மரபைச் சேர்ந்தது. எந்தப் பிறழ்வுக்கும் அணைத்துப் போடுவதே மருந்து என்பது அதன் உயிர்க்கொள்கை. எளிதில் ஒதுக்க முடியாத உரை இது. பாதி நேரம் வென்றும் விடும். முன்பு தோற்றுப்போன ஒரு சாதனத்தைப் பற்றிக் கணினி மனதில் வைத்திருக்கும் கசப்பு ரீஸ்டார்ட்டில் கரையும் என்பது மெய்தான். மாமா உரை, ஊதும் மரபு. கேமராத் துளையிலும் கேபிள் முனையிலும் வாயால் ஊத வேண்டும் என்பார் அண்ணியின் தம்பி. ஊதலில் பயன் உண்டோ இல்லையோ, ஊதியபின் எடுத்துச் செருகுகிறோம் அல்லவா, அந்தச் செருகலில் பித்தளை முனைகள் உரசிச் சுத்தமாகின்றன. எச்சில் ஈரத்தைக் கணக்கில் சேர்த்தால் லாபமும் நட்டமும் சரிக்குச் சரி. அண்ணி உரை, சி.டி. மரபு; மேலே மறுக்கப்பட்டது. இவ்வாய்வாளனின் உரை மேலே டிங்கியலாக விரிந்தது. அன்றைக்கு அதை முழுதாகக் கேட்டவர் எவரும் இலர்.

சபையைக் கலைத்தது தெருமுனை மொபைல் கடைக்காரர் உரை. கேபிள் வாங்கப் போன அண்ணன் மகனிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "டேட்டா கேபிளா, சார்ஜ் கேபிளா?" ரிச்சி ஸ்ட்ரீட்டில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இதைவிடச் சுருக்கமாக ஒரு நோயறி முறை கிடைக்காது. கம்பி எத்தனை என்ற ஒன்றை மட்டும் அவர் கேட்டார். பையன் விழித்தான். அவரே தீர்மானித்து ஒன்றைக் கொடுத்தார். பத்து ரூபாய் அதிகம்.

இங்கே ஆய்வு முறைக்கே கேடு நேர்ந்தது. பையன் கேபிளோடு வந்த அதே நேரம் அண்ணன் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்திருந்தார். மாமா துளையில் ஊதியிருந்தார். அண்ணியோ சி.டி.யைப் புடவைத் தலைப்பால் துடைத்து லேப்டாப்மேல் வைத்திருந்தார். கேபிளைச் செருகியதும் டிங். ஒரே சமயத்தில் நான்கை மாற்றினால் எது மாற்றியது என்று எப்படி அறிவது? ஒவ்வொருவரும் தம்தம் உரை மெய்யாயிற்று என்று கொண்டு அகன்றார்கள். பழைய கேபிளைத் திரும்பச் செருகிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிவு தெரியும் என்று சொன்னேன். "இப்பத்தான் சரியாச்சு, தொடாதே" என்று ஐந்து குரல்கள் ஒன்றாக வந்தன. அறிவியல் நம் வீடுகளில் வளராதிருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மரபியல்

முன்னோர் இச்சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்று கேட்டால், முன்னோருக்கு இச்சிக்கல் இல்லை. கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ கனம். 0.01 மெகாபிக்சல் படம் ஒன்றை கேசட் நாடாவில் பதிய 23 நொடி ஆகும். படத்தைக் காட்டத் தொலைக்காட்சியோடு இணைந்த தனிப் பெட்டியையும் அவர் குழுவே செய்துகொண்டது. கொண்டானும் கொடுத்தானும் ஒருவனே என்றால் அடையாளச் சிக்கல் எங்கிருந்து வரும்?

1997இல் சோனி வெளியிட்ட மாவிகா கேமராக்களைச் சிலர் இன்று கிண்டல் செய்கிறார்கள்; அவை 1.44 மெகாபைட் ஃபிளாப்பியிலேயே படத்தைப் பதிந்தன. இவ்வாய்வாளன் அந்தக் கிண்டலில் சேர மாட்டான். ஃபிளாப்பியை வெளியே எடுத்தாய், கணினியில் போட்டாய், முடிந்தது. கேபிள் இல்லை, டிங் இல்லை, மாமா இல்லை.

கேபிள் யுகத்தின் முதல் அபசகுனம் 1998 ஏப்ரல் 20இல் சிகாகோவில் நடந்தது. காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நிற்க, அவர் நிறுவனத்து கிறிஸ் கப்போசெலா வெளிவரவிருந்த விண்டோஸ் 98இல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டினார். செருகினால் போதும், கணினி தானே கண்டுகொள்ளும் என்பதைக் காட்டுவதே நோக்கம். கணினி நீலத் திரையைக் காட்டி விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது, கேட்ஸ் அதனால்தான் இன்னும் வெளியிடவில்லை போலும் என்ற பொருளில் சமாளித்தார். அன்றைய உலகின் மிகப் பெரிய பணக்காரருக்கே செருகியது தெரியவில்லை என்றால் அண்ணன் வீட்டு லேப்டாப்பை நோவானேன்.

மறுப்பியல்

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டால் தீர்ந்தது என்று ஒரு மறுப்பு எழும். எழட்டும், மறுப்பு சரிதான். கார்டு ரீடர் என்பது கேமராவையே வழக்கிலிருந்து விடுவித்துவிடுகிறது. இந்நூலின் பெரும்பகுதியை அது வெட்டியாக்கும் என்பதால்தான் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன்.

ஆனால் அங்கும் மலிவதன் கண்ணே பிழை. பழைய ரீடர்கள் 2 ஜி.பி. வரையிலான எஸ்.டி. கார்டை அறியும், 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி.யை அறியா. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகள் எக்ஸ்ஃபாட் முறையில் வருகின்றன. பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தனி அப்டேட் இல்லாமல் அது புரியாது. கார்டின் இடுப்பில் உள்ள பூட்டுக் குமிழ் வேறு. அது வெறும் பிளாஸ்டிக் நகர்வு. கார்டின் உள்ளே இருக்கும் சிப்புக்கு அது தெரியவே தெரியாது. ரீடர்தான் அதைத் தடவிப் பார்த்துப் பூட்டியிருக்கிறது என்று முடிவெடுக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது, கார்டைப் போட்டதும் சில வேளை எழும் அந்தக் கேள்வி: பயன்படுத்தும்முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா? உதவி செய்ய வந்தவர் கை அனிச்சையாக ஆம் என்பதை நோக்கிப் போகும். கையைப் பிடித்து நிறுத்துக. கார்டைக் கேமராவிலேயே திரும்பப் போட்டுப் பார்த்தால் படங்கள் அப்படியே தெரிவது உண்டு. மீறி அழுத்திவிட்டாலும் உடனே அழ வேண்டாம்: விரைவு ஃபார்மேட் அட்டவணையைத்தான் துடைக்கிறது, படங்களை அல்ல. அதன்பின் அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் வைத்திருந்தால் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் பெரும்பாலும் தோண்டி எடுத்துவிடும்.

கேமராவோ கார்டோ, உள்ளே போனதும் பார்க்க வேண்டியது டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டர். நிறுவனங்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட அரிய ஒழுங்குகளுள் ஒன்று அது. அதனுள் மூன்று இலக்கத்தில் தொடங்கும் பெயரோடு ஃபோல்டர், அதனுள் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமுமாகப் படங்கள்.

ஒழிபியல்

முன்னியல்களில் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் இடம் இது. விட்டது ஒன்றே: கேமராவின் கடிகாரம்.

கேமராவின் உள்ளே, பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் தேதியை நினைவில் வைத்திருக்க ஒரு குட்டி பேட்டரி உண்டு. பல மாடல்களில் பெரியதிடமிருந்து அது சார்ஜ் வாங்கிக்கொள்ளும். பீரோவில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதுவும் உயிர்விடும். கேமராவை ஆன் செய்ததும் அது பணிவோடு தேதி கேட்டிருக்கிறது. அண்ணன் மகள் அவசரத்தில் ஓகே ஓகே என்று அழுத்தித் தள்ளியிருக்கிறாள். கேமரா தான் பிறந்த ஆண்டின் முதல் நாளிலிருந்து வாழ்வைத் தொடங்கிவிட்டது. கோப்புக்குள் பதியும் தேதியைப் பின்னால் திருத்த மென்பொருள் உண்டு. படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் பொறித்த தேதியோ படத்தோடு படமாகிவிட்டது, திருத்த வழியில்லை.

கூடம் முழுக்க லேப்டாப்பைச் சூழ்ந்து நின்றது. தாய்மாமன் மடியில் குழந்தை வாய் கொள்ளாமல் அலறியது. மூலையில் 01/01/2012. பெரியத்தை கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"ஏண்டா, பெரியவ கல்யாணம் 2020லதானே ஆச்சு?"

"ஆமா அத்தை."

"அப்ப இது?"

குட்டி பேட்டரி பற்றியும், அது பெரியதிடமிருந்து சார்ஜ் வாங்கும் விதம் பற்றியும் விளக்கினேன். முழுதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் இதை அனுப்பிறாதீங்க."

"அப்பவே குரூப்புல போட்டுட்டேனே பாட்டி" என்றாள் அண்ணன் மகள்.